புளியங்கொட்டையும் கூட்டற்கணக்கும்

முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த குழந்தையை அருகழைத்து, எண்களைச் சொல்லுமாறு கேட்டால், ஒன்று முதல் ஐம்பது வரை தங்குதடையின்றி ஒப்பிக்கும். கேட்கும் பெற்றோரின் உள்ளம் பூரிக்கும். அதே குழந்தையின் முன்னே இரண்டு பிடி புளியங்கொட்டைகளைக் குவித்து, "இதிலிருந்து ஏழு எடுத்துக் கொடு, கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். சில குழந்தைகள் திகைத்து நிற்கும். சில கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். நா அறிந்த ஏழினைக் கை இன்னும் அறியவில்லை என்பதே இதன் பொருள். இக்குறை கவனிக்கப்படாமலே பலகையில் கூட்டல் குறி ஏறிவிடுகிறது. ஓரிரண்டு ஆண்டுகளில், "இவனுக்குக் கணக்கு வராது" என்ற தீர்ப்பும் எழுந்துவிடுகிறது. குற்றம் குழந்தையினுடையது அன்று. ஏற வேண்டிய படிகளில் ஒன்றை நாம்தான் அமைக்காமல் விட்டோம். அப்படியைச் செலவின்றி அமைக்கும் வழியை இங்குக் காண்போம்.

எண்ணுதல் என்பது யாது?

எண்களை ஒப்பிப்பது வேறு. பொருள்களை எண்ணுவது வேறு. 1978-ஆம் ஆண்டில் கெல்மன், காலிஸ்டல் என்ற அமெரிக்க உளநூலறிஞர் இருவர் குழந்தைகளின் எண்ணறிவைப் பற்றி எழுதிய நூலில், எண்ணும் முறைக்கு மூன்று விதிகளை வகுத்துக் கூறினர். எண்களை எப்பொழுதும் ஒரே வரிசையில் சொல்லுதல் முதலாவது. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்துதல் இரண்டாவது. கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகை என்று உணர்தல் மூன்றாவது.

இவற்றுள் இரண்டாம் விதியில்தான் இளங்குழந்தை பெரிதும் இடறுகிறது. ஏனெனில் அது மூளையின் வேலை மட்டும் அன்று. கண்ணும் விரலும் நாவும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டிய வேலை. விரல் மூன்றாம் கொட்டையைத் தொடும்பொழுது கண் ஐந்தாம் கொட்டையை நாடுகிறது. வாயோ "நான்கு" என்கிறது. ஆகவே, கைக்கும் கண்ணுக்கும் இணக்கம் உண்டாக்குவதும் கணக்குக் கற்பித்தலின் ஒரு பகுதியே ஆகும்.

கையைப் பழக்கும் முறை

மூன்று வயது நிரம்பிய குழந்தைக்குப் பல்லாங்குழிப் பலகையே சிறந்த கருவி. வரிசைக்கு 7 குழியாக அதில் 14 குழிகள் உண்டு. குழிக்கு ஒரு கொட்டையாக இட்டுச் செல்லுமாறு குழந்தையை ஏவுங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கொட்டையைப் பற்றுகின்றன. கண் அடுத்த குழியைக் குறிவைக்கிறது. ஒவ்வொரு கொட்டை விழும்பொழுதும் ஓர் எண் வாயில் எழுகிறது. ஒரு குழிக்கு ஒரு கொட்டை, ஒரு கொட்டைக்கு ஒரு சொல் என்ற ஒழுங்கு இவ்வாறு பழக்கமாகிறது. பலகை இல்லாத வீட்டில் மண் தரையில் குழி தோண்டினாலும் போதும்.

குவியலை எண்ணும்பொழுது சுட்டிக் காட்டி எண்ணுவதைவிட, எண்ணிய கொட்டையை எடுத்து மறுபக்கம் வைப்பது எளிது. எண்ணியது ஒரு புறம், எண்ண வேண்டியது மறுபுறம் என்று பிரிந்துவிடுவதால் ஒன்றை இருமுறை எண்ணும் தவறு நேராது.

1939-இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும் இக்கருத்து உண்டு. பூச்சியம் முதல் ஒன்பது வரை குறித்த அறைகளில் 45 மரக்குச்சிகளைக் குழந்தை எண்ணி இட வேண்டும். எண் வளர வளரக் கைப்பிடியும் பருப்பதால், ஒன்பது எட்டினும் பெரிது என்பதைக் கையே உணர்ந்துகொள்கிறது.

கூட்டல் பிறக்கும் இடம்

எண்ணுதல் உறுதிப்பட்டபின், இரண்டு கொட்டாங்கச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மூன்று கொட்டைகளும் மற்றொன்றில் இரண்டும் குழந்தையைக் கொண்டே இடச் செய்து, இரண்டையும் ஒரு தட்டில் கொட்டி, மொத்தம் எத்தனை என்று வினவுங்கள். குழந்தை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி ஐந்து வரை எண்ணும். அதனைத் தடுக்க வேண்டா. கூட்டலின் முதல் நிலை அதுவே.

சில வாரங்கள் சென்றபின், மூன்று கொட்டைகளைக் குழந்தை பார்க்கக் கொட்டாங்கச்சியால் மூடிவிட்டு, இரண்டை வெளியே வையுங்கள். மூடியதைத் தொட்டு எண்ண இயலாது. ஆகவே குழந்தை, "மூன்று" என்று மூடியின்மேல் கை வைத்து, "நான்கு, ஐந்து" என்று தொடரக் கற்றுக்கொள்ளும். இம்மாறுதல் சிறிதெனத் தோன்றினும், கணக்கறிவில் இது பெரியதொரு முன்னேற்றம். கண் காணாத பொருளை மனம் எண்ணத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம்.

தாயம் ஆடுவோர் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெளுப்பாக்குவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறு தேய்த்த ஐந்து கொட்டைகளைக் குழந்தை உருட்டட்டும். ஒரு முறை மூன்று வெள்ளையும் இரண்டு கறுப்பும் விழும். மறுமுறை நான்கும் ஒன்றும் விழும். எப்படி விழுந்தாலும் தொகை ஐந்தே. ஓர் எண்ணைப் பல வகையாகப் பிரிக்கலாம், மீண்டும் சேர்க்கலாம் என்னும் உண்மை விளையாட்டிலேயே விளங்கிவிடும்.

பத்தைக் கடக்கும்பொழுது நம் தாய்மொழியே துணை நிற்கும். பத்தும் மூன்றும் சேர்ந்து பதின்மூன்று. பத்தும் ஐந்தும் சேர்ந்து பதினைந்து. சொல்லுக்குள்ளேயே கூட்டல் அமைந்திருப்பதைப் பத்துக் கொட்டைகளை ஒரு வரிசையாகவும் மிகுதியை மறு வரிசையாகவும் அடுக்கிக் காட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

மூன்று வயது நிரம்பாத குழந்தைகளிடம் கொட்டைகளைக் கொடுத்தலாகாது. வாயிலோ மூக்கிலோ காதிலோ இட்டுக்கொள்ளும் அபாயம் உண்டு. அவர்கள் பெரிய மூடிகளையும் கொட்டாங்கச்சிகளையும் கொண்டு விளையாடட்டும். மூத்த குழந்தைகள் ஆடும்பொழுதும் பெரியவர் ஒருவர் அருகிலிருத்தல் அவசியம். தொடக்கத்தில் எண்ணிக் கொடுத்த கொட்டைகளை முடிவில் குழந்தையைக் கொண்டே எண்ணி டப்பாவில் இடச் செய்க. பாதுகாப்பும் பயிற்சியும் ஒருங்கே கிட்டும்.

விரல்விட்டு எண்ணும் குழந்தையின் கையைத் தட்டிவிடுவது தவறு. விரல்களும் கருவிகளே, தேவை தீர்ந்தவுடன் குழந்தை தானே அவற்றை விட்டுவிடும்.

ஊராரின் கடமை

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள சிறார்க்கு முன்பருவக் கல்வியும் ஓர் அங்கமாகும். ஆயினும், "பிள்ளை இன்னும் ஒரு வரி எழுதவில்லையே" என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் குறைப்படும் பெற்றோர் உண்டு. எழுத்தை அவசரப்படுத்தும் அந்த ஆவலே விளையாட்டை வகுப்பிலிருந்து விரட்டிவிடுகிறது. அடுத்த முறை மையத்திற்குச் செல்லும் தாய்மார்கள், "என் பிள்ளை என்ன எழுதினான்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "ஏழு கொட்டை எடுத்துக் கொடுக்கிறானா?" என்று கேட்கட்டும்.

புளி உடைக்கும் காலத்தில் வீட்டுக்கு ஒரு படி கொட்டையைக் கழுவிக் காயவைத்து மையத்திற்கு அளித்தால், ஓர் ஊரின் குழந்தைகளுக்கு ஆண்டு முழுவதும் போதும். மகளிர் குழுக்கள் இதனை ஒரு நாள் பணியாக மேற்கொள்ளலாம். வீட்டிலும் நாள்தோறும் பத்து நிமிடம் பாட்டியோ அக்காளோ குழந்தையுடன் அமர்ந்தால் போதுமானது. இன்று கை நிறைய எண்ணிப் பழகிய குழந்தை, நாளை பலகையில் கூட்டல் குறியைக் காணும்பொழுது அஞ்சி நிற்காது. தான் கொட்டாங்கச்சியில் கண்டதே அங்கு எழுதப்பட்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளும்.