ஐந்தருவியில குளிக்கலாமா, டாக்டர்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

தென்காசிப் பக்கம் சாரல் ஆரம்பிச்சதும் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரே போட்டோ மழை. அதுல ஒரு போட்டோவை மட்டும் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். என் சித்தி பையன், 19 வயசு, ஐந்தருவியில ஓரமா நிக்கிறான். தலையில தண்ணி கொட்டுது. சுத்தி இருக்கிற எல்லாரும் வாயைப் பிளந்து கத்துறாங்க. இவன் மட்டும் உதட்டை இறுக்கி மூடியிருக்கான். ஏன்னு சொல்ல ஒரு முழு எபிசோடு வேணும், இதான் அது. அவன்கிட்ட கேட்டுட்டுதான் பேசுறேன். "பேரு மட்டும் சொல்லாதீங்கண்ணே"ன்னான்.

அவனுக்கு இருக்கிறது பிறவியிலேயே வர்ற நோய் எதிர்ப்புக் குறைபாடு. ரெண்டு தடவை சளி பிடிச்சதும் "எனக்கு இம்யூனிட்டி கம்மி மச்சி"ன்னு சொல்றோமே, அது இல்ல. எச்.ஐ.வி. மாதிரி வெளியில இருந்து வந்ததும் இல்ல, யாருக்கும் ஒட்டாது. நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுற ஜீன்கள்ல ஏதாவது ஒண்ணுல இருக்கிற பிழை. இப்படிப்பட்ட கோளாறுகள் 450க்கும் மேல கண்டுபிடிச்சிருக்காங்க. தம்பிக்கு இருக்கிறது எக்ஸ்.எல்.ஏ.ங்கிற வகை. எக்ஸ் குரோமோசோம்ல இருக்கிற பிடிகே ஜீன் வேலை செய்யல. அதனால எலும்பு மஜ்ஜையில பி செல் பாதியிலேயே நின்னுடும். பி செல் இல்லேன்னா ஆன்டிபாடி இல்ல. தொழிற்சாலையே கட்டாத இடத்துல எந்தக் கஷாயத்தை ஊத்தினாலும் உற்பத்தி நடக்காது. இம்யூனிட்டி பூஸ்டர் விக்கிறவங்க மன்னிக்கணும்.

பிறந்து ஆறு மாசம் வரைக்கும் இந்தக் குழந்தைங்க நல்லாவே இருப்பாங்க. வயித்துல இருக்கும்போது அம்மாகிட்ட இருந்து வந்த ஆன்டிபாடி அதுவரைக்கும் தாங்கும். அது தீர்ந்ததும் ஆரம்பிக்கும். தம்பிக்கு ஏழாம் மாசம் காதுல சீழ். ஒரு வயசுக்குள்ள நிமோனியா. அப்புறம் சைனஸ், வயித்துப்போக்கு, மறுபடியும் நிமோனியா. உரம் விழுந்திருக்குன்னாங்க, சீர் தட்டிருச்சுன்னாங்க, கறுப்புக் கயிறு கட்டுனாங்க. டாக்டர்கிட்டயும் போகாம இல்ல. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க, சரியாச்சு, வீட்டுக்கு வந்தான். ஒவ்வொரு காய்ச்சலையும் தனித்தனியா பாத்தாங்க, எல்லாத்தையும் சேத்து ஒரே கதையா யாரும் படிக்கல. அப்படியே ஆறு வருஷம் போச்சு.

ஆறாவது வயசுல ஒரு குழந்தை மருத்துவர் டார்ச் அடிச்சு தொண்டையைப் பாத்துட்டு, "டான்சில் ஆபரேஷன் பண்ணியிருக்கா?"ன்னு கேட்டாரு. இல்லைன்னாங்க சித்தி. "அப்ப டான்சில் எங்க?" டான்சில் பெரும்பாலும் பி செல்லால ஆனது. பி செல் இல்லாத பையனுக்கு அந்த இடம் கிட்டத்தட்ட காலியா இருக்கும். அடுத்து அவர் கேட்டது, "அம்மா வழியில ஆம்பளைப் பிள்ளை யாராவது சின்ன வயசுலயே இறந்திருக்காங்களா?"

கூடப் போயிருந்த ஆச்சி கொஞ்ச நேரம் பேசல. அவங்களோட மூத்த பையன், என் மாமா, ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டாரு. வீட்டுல ஒரு போட்டோ கூடக் கிடையாது. "அப்போ எம் புள்ளையும் இதுலதான் போனானா?"ன்னு ஆச்சி கேட்டதைச் சித்தி இன்னிக்கும் சொல்வாங்க.

டெஸ்ட் ஒண்ணும் பெரிய மர்மம் இல்ல. ரத்தத்துல ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் அளவு பாக்கணும். குறைஞ்சிருந்தா ஃப்ளோ சைட்டோமெட்ரில பி செல் எண்ணிக்கை, அதுக்கப்புறம் ஜீன் டெஸ்ட். அமெரிக்க ராணுவ டாக்டர் ஆக்டன் ப்ரூட்டன் 1952லயே எட்டு வயசுப் பையன் ஒருத்தன் ரத்தத்துல காமா குளோபுலின் இல்லைங்கிறதைக் கண்டுபிடிச்சு, அதையே ஊசியா போட்டு அவனைத் தேத்தினாரு. பிடிகேங்கிற பேர்ல அவர் பேரும் இருக்கு. அந்த ஜீன் கிடைச்சது 1993ல. ஆனா வைத்தியத்தோட அடிப்படை இன்னும் அதேதான்: இல்லாததைக் கொடு.

தம்பிக்கு நாலு வாரத்துக்கு ஒரு தடவை இம்யூனோகுளோபுலின் ஏத்தணும். கிலோவுக்கு 400 மில்லிகிராம்ல ஆரம்பம். அவன் 60 கிலோ, அப்ப 24 கிராம். அதாவது 5 கிராம் பாட்டில் அஞ்சு. ஒவ்வொரு பாட்டிலும் பல ஆயிரம் ரூபாய். திருநெல்வேலி போய், கையில ஊசியோட அரை நாள் படுத்துட்டு வருவான். அந்த மருந்து ஆயிரக்கணக்கான பேரோட பிளாஸ்மாவைச் சேத்துப் பிரிச்சு எடுக்கிறது. நாம கேம்ப்ல கொடுக்கிற ரத்தத்துல மிஞ்சுற பிளாஸ்மாவும் இந்த மாதிரி மருந்துக்குப் போகுது. "எனக்குள்ள ஊருக்கே ஓட்டர் லிஸ்ட் இருக்கு"ன்னு அவன் சொல்வான்.

இதுல ஒரு வேடிக்கை. நம்ம ஊர்ல காய்ச்சல்னா உடனே வைடால் டெஸ்ட் எழுதுவாங்க. அது டைபாய்டு கிருமியைத் தேடல, நம்ம உடம்பு செஞ்ச ஆன்டிபாடியைத் தேடுது. இவன் உடம்பு எதையும் செய்யாது. பாசிட்டிவ்னு வந்தாலும் அது யாரோ ஒரு டோனரோட பழைய டைபாய்டா இருக்கலாம். அதனால புது டாக்டர்கிட்ட போனா முதல் வார்த்தையே, "சார், எனக்கு ஆன்டிபாடி டெஸ்ட் வேலைக்காகாது, கல்ச்சர் எடுங்க." போலியோ சொட்டு மருந்து மாதிரி உயிருள்ள கிருமி இருக்கிற தடுப்பு மருந்தும் இவங்களுக்கு ஆகாது.

எல்லா வகையும் இவ்வளவு பொறுமையா காத்திருக்காது. ஸ்கிட்னு ஒண்ணு இருக்கு, அதுல டி செல்லும் இருக்காது. நம்ம நாட்டுல பிறந்த உடனே போடுற பிசிஜி ஊசியே அந்தக் குழந்தைக்கு உடம்பு பூரா பரவிடலாம். சீக்கிரம் மஜ்ஜை மாற்று சிகிச்சை கிடைக்கலேன்னா பெரும்பாலும் ஒரு வயசைத் தாண்டாது. ஸ்கிட்டும், எக்ஸ்.எல்.ஏ.வும் மத்திய அரசோட 2021 அரிய நோய்க் கொள்கையில இருக்கு. அந்தக் கொள்கைப்படி சிறப்பு மையங்கள் வழியா 50 லட்சம் வரைக்கும் உதவி கேட்கலாம். தமிழ்நாட்டுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. தென்காசிக்காரங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற திருவனந்தபுரம் மையம் இன்னும் பக்கம்.

"சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்"னு சொன்னவங்களும் உண்டு. சில வகைகளுக்கு அது உண்மை. அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் அதே பிழை இருந்தாதான் வர்ற நோய்கள், மாமன் மகள் அத்தை மகன் கட்டுற நம்ம ஊர்ல கூடுதலா தெரியும். ஆனா சித்தி கட்டினது அசல். எக்ஸ்.எல்.ஏ. அம்மா வழியில மட்டும் வரும். அம்மாவுக்கு இன்னொரு எக்ஸ் நல்லா இருக்கிறதால அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மகனுக்கு இருக்கிறதே ஒரே எக்ஸ், பாதி வாய்ப்புல அது பிழையுள்ளதா போயிடும்.

இப்ப கணக்கு என் வீட்டுக்கு வருது. மாமாவும் தம்பியும் ஒரே நோய்னா, ஆச்சிகிட்ட அந்தப் பிழை இருந்திருக்கு. அப்போ எங்க அம்மாகிட்ட இருக்க வாய்ப்பு பாதி. நான் ஆம்பளை, நல்லா இருக்கேன், என் கதை முடிஞ்சுது. எங்க அக்காகிட்ட இருக்க வாய்ப்பு கால்வாசி. அவளுக்கு ஆவணியில கல்யாணம். தம்பியோட ஜீன்ல எந்த இடத்துல பிழைன்னு ரிப்போர்ட் இருக்கிறதால, அந்த ஒரு இடத்தை மட்டும் அக்கா ரத்தத்துல பாத்தா போதும். "கல்யாணம் முடியட்டும், இப்ப எதுக்கு"ன்னாங்க அம்மா. அக்கா மாப்பிள்ளைகிட்ட அவளே சொல்லிட்டா. அவர் கேட்ட ஒரே கேள்வி, "டெஸ்டுக்கு வெறும் வயித்துல போகணுமா?" வேண்டாம்.

சரி, ஐந்தருவி. தம்பியோட டாக்டர் வேண்டாம்னு சொல்லல. குளி, ஆனா ஒரு மடக்கு கூட முழுங்காதேன்னாரு. ஜியார்டியா மாதிரி வயித்துக் கிருமிகள் இவங்களை லேசுல விடாது. காதுல பஞ்சு வெச்சுக்கணும், உடம்புல வெட்டுக்காயம் இருந்தா அன்னிக்குக் கரையிலேயே நிக்கணும், மருந்து ஏத்துற தேதி தள்ளிப் போயிருந்தா பயணமே கிடையாது. இதே கேள்வியை சி.ஜி.டி. வகை இருக்கிறவங்க கேட்டா பதில் வேற. அவங்களுக்கு மக்கின இலை, ஈர மண், தேங்கின தண்ணியில இருக்கிற பூஞ்சையும் பாக்டீரியாவும் நுரையீரல் வரைக்கும் போகும். அதனால நெட்டுல படிச்சுட்டு முடிவெடுக்காம, உங்க வகை என்னன்னு தெரிஞ்ச டாக்டர்கிட்ட கேளுங்க.

அருவி வாசல்ல வெட்டி வெச்ச பழம் வாங்க மாட்டான். முழுசா ரம்புட்டான் வாங்கி, கையைக் கழுவிட்டு அவனே உரிச்சுத் திம்பான். பார்டர் கடையில பரோட்டா சூடா கல்லுல இருந்து வந்தா சாப்பிடலாம், அதுல அவனுக்கு ஒரு குறையும் இல்ல.

போன புதன்கிழமை அக்கா ரத்தம் கொடுத்துட்டு வந்தா. ரிசல்ட் இன்னும் வரல. தம்பி குரூப்ல அந்தப் போட்டோவைப் போட்டுட்டு, கீழ "வாய் மூடித்தான் இருக்கு, ஆச்சிகிட்ட சொல்லிருங்க"ன்னு எழுதியிருந்தான்.