இரவல் மரபணுவும் டார்வினின் மரமும்

2015 நவம்பரில் நீர்க்கரடி திடீரென்று செய்தியில் அடிபட்டது. பாசியில் வாழும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத எட்டுக்கால் பிராணி அது. அதன் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்கு பாக்டீரியா முதலான அந்நிய உயிர்களிடமிருந்து வந்தவை என்று அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. சில நாட்களிலேயே எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து மறுப்பு வந்துவிட்டது. ஒற்றை நீர்க்கரடியில் கிடைக்கும் டிஎன்ஏ சொற்பம் என்பதால் ஏராளமானவற்றைச் சேர்த்துத்தான் அரைப்பார்கள். ஒட்டியிருக்கும் பாக்டீரியாவும் கூடவே அரைபடும். அமெரிக்கர்கள் காட்டிய அந்நியத் துண்டுகளில் பல, அதே இனத்தைப் படித்த எடின்பரோ மாதிரியில் இல்லவே இல்லை. கடைசியில் ஆறில் ஒரு பங்கு என்பது ஓரிரு சதவீதமாகச் சுருங்கியது.

மனிதனுக்கும் இது நடந்ததுதான். 2001-இல் நம் மரபணுத் தொகுப்பு வெளியானபோது இருநூற்றுச் சொச்சம் மரபணுக்கள் பாக்டீரியா தந்தவை என்றார்கள். சில மாதங்களில் அந்தப் பட்டியலும் கரைந்தது.

ஆனால் பாக்டீரியா உலகத்தில் மரபணுக் கைமாற்று அன்றாட நடப்பு. செத்த நிமோனியாக் கிருமியின் கொடிய குணம் உயிருள்ள சாதுக் கிருமிக்குத் தாவுவதை பிரிட்டிஷ் மருத்துவர் பிரெடரிக் கிரிஃபித் 1928-லேயே எலிகளில் கண்டார். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதற்கும் இந்தக் கைமாற்று பெரிய காரணம். இதை வைத்துத்தான் உயிரியலாளர் ஃபோர்டு டூலிட்டில் 1999-இல், டார்வின் சொன்ன உயிர்களின் வம்ச மரம் அடிப்பக்கத்தில் மரமே அல்ல, வலை என்று வாதிட்டார். எல்லா உயிருக்கும் மூதாதை ஒற்றைச் செல்லா, மரபணுக்களைப் பொதுவில் வைத்துப் புழங்கிய செல் கூட்டமா? நுண்ணுயிரியலாளர் கார்ல் வோஸ் கூட்டத்தின் பக்கம் நின்றார். உண்மையான சர்ச்சை இவ்வளவுதான். உயிர்கள் ஒன்றுக்கொன்று உறவா என்பதல்ல. 2009-இல் 'நியூ சயின்டிஸ்ட்' பத்திரிகை டார்வின் சொன்னது தப்பு என்று அட்டையிலேயே போட்டது. பரிணாமத்தை மறுக்கும் படைப்புவாதிகளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் யார் தருவார்கள்?

ஒரு மரபணு இரவல் என்று எப்படித் தெரிகிறது? மற்ற ஆயிரக்கணக்கான மரபணுக்கள் அந்த உயிரைச் சொந்தபந்தங்களோடு உட்கார வைக்க, இது மட்டும் வேறு குடும்பத்தோடு போய் ஒட்டுவதால்தான். வம்ச மரத்தை வெட்டிவிட்டால் இரவலைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

பருத்தி, தக்காளி போட்டவர்களுக்கு வெள்ளை ஈயைத் தெரியும். செடி தன்னைக் காக்கச் சுரக்கும் நச்சை முறிக்கும் இரவல் மரபணு ஒன்று அதனிடம் இருக்கிறது. பூச்சிகளில் அதற்கு இணை கிடையாது, நெருங்கிய உறவெல்லாம் செடிகளில். ஏதோ ஒரு செடியிடமிருந்து வந்தது என்று 2021-இல் சீன விஞ்ஞானிகள் காட்டினார்கள். அந்த மரபணுவை மட்டும் முடக்கும்படி தக்காளிச் செடியை மாற்றினார்கள். அதில் உட்கார்ந்த வெள்ளை ஈக்கள் அநேகமாக எல்லாமே செத்தன. சோதித்துப் பார்த்த மற்ற பூச்சிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.