மருந்து உண்டு, ஆயினும்...

“எய்ட்ஸ் நோய்க்குத்தான் மாத்திரை வந்துவிட்டதே, சாமி, இனி என்ன பயம்?” எனப் பங்கு மக்கள் நம்மிடம் கேட்பதுண்டு. “பயமில்லை, தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் போதும்” என்றே நாமும் பதிலளித்து வந்தோம். அப்பதில் பாதி உண்மைதான்.

1981-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 26 ஆடவருக்குக் ‘கப்போசி சர்கோமா’ என்னும் அரிய புற்றுநோய் கண்டிருப்பதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. அவர்களுள் 8 பேர் ஏற்கெனவே இறந்திருந்தனர். வியன்னா நகர மருத்துவர் மோரிட்ஸ் கப்போசி 1872-இலேயே விவரித்த நோய் அது. பெரும்பாலும் முதியோரைப் பற்றி மெல்ல வளர்வது. இளைஞரை அது ஏன் இத்துணை விரைவில் கொல்ல வேண்டும்? இவ்வாறு, எய்ட்ஸ் உலகிற்கு அறிமுகமானபோதே புற்றுநோயும் உடன் வந்தது.

விடை பின்னர் தெளிவாயிற்று. ஹெச்.ஐ.வி. கிருமி உடலின் காவலை அழிக்கிறது. காவல் இல்லாத வீட்டில் வேறு கிருமிகள் புகுந்து புற்றுநோயை விளைவிக்கின்றன. கப்போசி நோய்க்குக் காரணமான வைரஸை 1994-இல் கண்டறிந்தவர்கள் யுவான் சாங், பேட்ரிக் மூர் என்னும் இருவர். இவர்கள் கணவன் மனைவியர் என்பது நம் குடும்ப வாசகர்களுக்கு உவப்பளிக்கும்.

1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியது. அது கிடைத்த நாடுகளில் கப்போசி நோயும், எய்ட்ஸை ஒட்டி வந்த நிணநீர்ப் புற்றுநோய்களும் வியக்கத்தக்க அளவில் குறைந்தன. நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1 அன்று இம்மருந்து இலவசமாக வழங்கப்படலாயிற்று. தாம்பரம் அரசு மருத்துவமனை தொடக்க மையங்களுள் ஒன்று. உடல் தளரும்வரை காத்திராமல் உடனே மருந்தைத் தொடங்குவது நல்லதா என 35 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. 2015-இல் அதன் முடிவு வெளியானது: உடனே தொடங்கியவர்களுள் 14 பேருக்கும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் இருந்த காத்திருந்தோருள் 39 பேருக்கும் புற்றுநோய் கண்டது. எனவே, மருந்தைத் தள்ளிப்போடலாகாது.

ஆனால் எல்லாப் புற்றுநோயும் ஒரே அளவில் பின்வாங்கவில்லை. மருந்தால் ஆயுள் நீளும்போது முதுமைக்குரிய நோய்களும் வந்து சேர்கின்றன. புகைப்போருக்கு நுரையீரலும், மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளோருக்குக் கல்லீரலும் ஆபத்தில் இருக்கின்றன. பெண்களுக்கோ கருப்பைவாய்ப் புற்றுநோய். அதை விளைவிக்கும் பாப்பிலோமா வைரஸ் மணவாழ்வில் பலருக்கும் தொற்றிப் பெரும்பாலும் தானே அகன்றுவிடும், ஹெச்.ஐ.வி. உள்ள பெண்ணின் உடலில் அது எளிதில் அகலாது. எய்ட்ஸ் மாத்திரை அந்த வைரஸுக்கு மருந்தன்று. ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இப்புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட 6 மடங்கு என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்கள் 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பரிந்துரை. முன்கூட்டியே கண்டால் புற்றாக மாறுமுன்னரே நீக்கிவிடலாம்.

இங்கே நம் குறையொன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு மண்டபத்தில் பெண்களுக்கான புற்றுநோய்ச் சோதனை முகாம் நடத்தினோம். பெயர் பதியும் மேசையில் மாதர் சங்கத்தினரை அமர்த்தினோம்; வேறு நோய் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்டு எழுதினார்கள். அனைவரும் அண்டை வீட்டார்! நெடுங்காலமாகக் கூட்டு மருந்து உண்டுவரும் ஒரு சகோதரி வரிசையில் நின்றவர், தம் முறை நெருங்கியதும் வீடு திரும்பிவிட்டார். அவருக்கே அச்சோதனை எல்லாரிலும் மிகுதியாகத் தேவைப்பட்டது. இரண்டாண்டு கழித்து இரத்தப்போக்கு கண்டபின்தான் மருத்துவமனை சென்றார், நோய் முற்றியிருந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று இப்போது ஓரளவு நலமாயிருக்கிறார். “உங்களைக் குறை சொல்லவில்லை, சாமி, அந்த மேசையைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை” என்றார். அவருடைய இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம்.

ஒருவரது ஹெச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளிப்படுத்தலாகாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. அதை நாம் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த முகாமில் மண்டபத்து மேசையில் பெயருக்குப் பதில் எண் சீட்டு மட்டுமே தரப்படும். கேட்க வேண்டியவற்றை வெளியூரிலிருந்து வரும் செவிலியர் உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். அவ்வறைக்கு இன்னும் தாழ்ப்பாள் இல்லை, தச்சரிடம் சொல்லியிருக்கிறோம்.