லி ஹுவாவின் கடிதங்கள்

சீனாவில் மாணவர்கள் கோடிக்கணக்கில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறார்கள். ஆனால் அடியில் போடுவது தங்கள் பெயரை அல்ல. ஏன் தெரியுமா, நேயர்களே?

பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் ஜூன் மாதம் எழுதும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு 'காவ்காவ்' என்று பெயர். அதன் ஆங்கிலத் தாளில் அடிக்கடி வரும் கேள்வி இது: "நீதான் லி ஹுவா. வெளிநாட்டு நண்பருக்கு ஒரு மின்னஞ்சல் எழுது." ஒருமுறை அழைப்பு, இன்னொரு முறை மன்னிப்பு, மற்றொரு முறை யோசனை!

விடைத்தாளில் சொந்தப் பெயரோ பள்ளியின் பெயரோ தெரிந்தால், திருத்துபவருக்கு ஆள் அடையாளம் பிடிபட்டுவிடுமே! அதற்குத்தான் இந்தக் கற்பனைப் பெயர்.

"இத்தனை நண்பர்களை வைத்துக்கொண்டு, லி ஹுவா ஒரு கடிதத்தையாவது தானே எழுதக் கூடாதா?" என்று சீன இளைஞர்கள் இணையத்தில் கிண்டலடிக்கிறார்கள்.