கன்று இருமுகிறது, ஊசி யாருக்கு?

இலையுதிர் காலம் பிறந்தால் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மாட்டு லாரிகளின் ஓட்டம் கூடிவிடும். தென்கிழக்கு மாநிலங்களின் சிறு பண்ணைகளில் தாய்ப்பால் குடித்துப் புல்வெளியில் வளர்ந்த கன்றுகள், ஏலச் சந்தை வழியாக டெக்சஸ், கன்சஸ், நெப்ராஸ்கா சமவெளிகளுக்குப் போய்ச் சேரும். அங்கே 'ஃபீட்லாட்' எனப்படும் பெரும் தீவனப் பட்டிகள் இருக்கின்றன. கன்றுகள் அங்கே மாதக்கணக்கில் சோளமும் வைக்கோலும் கலந்த தீவனம் தின்று, எடை கூடி, இறைச்சிக்கூடத்துக்குச் செல்லும். எந்த நேரத்திலும் அமெரிக்கப் பட்டிகளில் ஒரு கோடிக்கும் அதிகமான மாடுகள் நிற்கின்றன.

இந்தப் பட்டிக்காரர்களிடம் எந்த நோய்க்கு அதிகம் பயப்படுகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நுரையீரல் நோய். மருத்துவர்கள் இதை மாட்டுச் சுவாச நோய் என்கிறார்கள். பழைய ஆட்கள் 'பயணக் காய்ச்சல்' என்பார்கள். வட அமெரிக்கத் தீவனப் பட்டிகளில் அதிகமாகக் காணப்படுவதும், அதிக இழப்பை உண்டாக்குவதும் இதுதான். அமெரிக்க வேளாண் துறை 2011ஆம் ஆண்டில் பெரிய பட்டிகளில் நடத்திய கணக்கெடுப்பின்படி, பட்டிக்கு வந்த மாடுகளில் ஏறக்குறைய 16 விழுக்காட்டுக்கு இந்த நோய் கண்டது.

மருந்து இருக்கிறது, அது வேலையும் செய்கிறது. ஆனால் அதை எந்த மாட்டுக்கு, எப்போது போடுவது என்ற கேள்விக்குத்தான் இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி மாட்டுப் பட்டியோடு நிற்பதும் இல்லை.

மூக்கில் குடியிருக்கும் பகை

நோயை உண்டாக்கும் கிருமிகள் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. மன்ஹைமியா ஹீமோலிட்டிகா, பாஸ்டுரெல்லா மல்டோசிடா, ஹிஸ்டோஃபைலஸ் சோம்னி ஆகிய பாக்டீரியாக்கள் நலமான கன்றின் மூக்கிலும் தொண்டையிலுமே சத்தமின்றி வாழக்கூடியவை. உடல் தெம்பாக இருக்கும்வரை அவற்றால் தொல்லை இல்லை.

கன்றின் வாழ்க்கை ஒரே வாரத்தில் தலைகீழாகும்போது நிலைமை மாறுகிறது. தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். ஏலச் சந்தையில் பல ஊர்க் கன்றுகளோடு கலக்கிறார்கள். லாரியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், சில வேளைகளில் ஆயிரத்துக்கும் மேல், தீனியும் தண்ணீரும் இல்லாத பயணம். இறங்கும் இடத்தில் பழக்கமில்லாத தீவனத் தொட்டி, தூசி, பகல் வெயில், இரவுக் குளிர். களைத்த உடலில் முதலில் வைரஸ் நுழைந்து மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அந்தச் சுவரில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் மெல்லிய மயிரிழைகள் சிதைந்ததும், மூக்கில் பதுங்கியிருந்த பாக்டீரியா பெருகி நுரையீரலுக்குள் இறங்குகிறது.

மன்ஹைமியா கிருமி ஒரு நச்சை வெளியிடும். அதை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களையே அந்த நச்சு உடைத்துவிடுகிறது. உடைந்த அணுக்களிலிருந்து கசியும் பொருள்கள் நுரையீரல் திசுவை மேலும் அரிக்கின்றன. உடல் நடத்தும் தற்காப்புப் போரே உடலைக் கெடுப்பதாக முடிகிறது.

மாட்டின் உடலமைப்பும் அதற்குச் சாதகமாக இல்லை. உடல் எடையோடு ஒப்பிட்டால் மாட்டின் நுரையீரல் சிறியது. அது சின்னச் சின்ன அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பதால், ஓர் அறையின் வழி அடைபட்டால் பக்கத்து அறையிலிருந்து காற்று வராது. நோயுறும் கன்றுகளில் பெரும்பாலானவை பட்டிக்கு வந்த முதல் சில வாரங்களிலேயே படுத்துவிடுகின்றன.

குதிரை மேல் வரும் கண்

ஒரு பட்டியில் நூறு, இருநூறு கன்றுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் பிடித்துச் சோதிக்க முடியாது. காலையில் குதிரையில் ஏறி ஒவ்வொரு பட்டிக்குள்ளும் மெதுவாகச் சுற்றி வரும் பணியாளர்தான் முதல் மருத்துவர். அவர் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார். தலை தொங்கிச் சோர்ந்து நிற்கிறதா, தீவனம் போட்டதும் தொட்டிக்கு வருகிறதா, மூச்சு வாங்குகிறதா, காய்ச்சல் இருக்கிறதா. முதல் மூன்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். நான்காவதற்கு மாட்டைத் தனியே ஓட்டி வந்து இரும்புக் கூண்டில் நிறுத்தி வெப்பமானி வைக்க வேண்டும். நலமான மாட்டின் உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 40 டிகிரியை எட்டினால் பல பட்டிகளில் ஊசி போட்டுவிடுவார்கள்.

பட்டறிவு மிக்க கண்ணும் ஏமாறத்தான் செய்கிறது. மாடு வேட்டையாடப்படும் விலங்கு. நலிவைக் காட்டினால் ஓநாய்க்கு இரையாகும் என்பதால் நோயை மறைப்பது அதன் இயல்பு. குதிரை நெருங்கும்போது காய்ச்சல்காரக் கன்றும் தலையை நிமிர்த்திக்கொள்ளும்.

1996இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. 469 காளைகளைப் பிறப்பிலிருந்து இறைச்சிக்கூடம் வரை ஆய்வாளர்கள் கண்காணித்தார்கள். அவற்றில் 35 விழுக்காடு மட்டுமே நுரையீரல் நோய்க்கு மருந்து பெற்றிருந்தன. ஆனால் வெட்டியபின் பார்த்தபோது 72 விழுக்காட்டின் நுரையீரலில் நோய்த் தழும்புகள் இருந்தன. நோயே இல்லை என்று நினைத்து ஒரு ஊசியும் போடாமல் விட்டவற்றிலும் 68 விழுக்காட்டில் தழும்பு இருந்தது. நோயுற்ற கன்றுகள் பல தப்பிவிடுகின்றன, நோயில்லாத சில வீணாக ஊசி வாங்குகின்றன என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் உறுதி செய்தன.

ஊசியில் இருப்பது என்ன?

இன்று பட்டிகளில் புழங்கும் மருந்துகளின் பெயர்கள் நமக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அவற்றின் குடும்பம் நம் வீட்டு மருந்துப் பெட்டிக்குத் தெரிந்ததுதான். டுலாத்ரோமைசின், நமக்குத் தொண்டை நோய்க்குத் தரப்படும் எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகியவற்றின் உறவு. செஃப்டியோஃபர், மருத்துவமனைகளில் ஏற்றப்படும் செஃப்ட்ரியாக்சோனின் பங்காளி. என்ரோஃப்ளாக்சசின் மாட்டின் உடலில் சிதையும்போது அதன் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது.

2005இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டுலாத்ரோமைசின், ஒரே ஊசியில் நுரையீரலில் பல நாள் தங்கும். மாட்டைத் திரும்பத் திரும்பப் பிடித்துக் கூண்டில் அடைப்பதும் அதற்கு ஒரு வதை என்பதால் இது பெரிய வசதி. ஊசியைத் தொடையில் போடுவதில்லை, கழுத்துத் தோலுக்கடியில் போடுகிறார்கள். விலை உயர்ந்த இறைச்சிப் பகுதியில் தழும்பு விழக்கூடாது என்பது காரணம்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. அமெரிக்காவில் டுலாத்ரோமைசின் போட்ட மாட்டை 18 நாளுக்கு இறைச்சிக்கு அனுப்பக்கூடாது. என்ரோஃப்ளாக்சசினுக்கு 28 நாள். மருந்தின் மிச்சம் தட்டுக்கு வராமலிருக்கவே இந்த விதி. டில்மிகோசின் என்ற இன்னொரு மருந்தைக் கையாள்வதே ஆபத்து. தவறுதலாக மனிதர் உடலில் ஏறினால் இதயத்தைத் தாக்கும், மாற்று மருந்து கிடையாது. அதனால் உயிர் போன சம்பவங்களும் உண்டு.

ஒன்றுக்கா, நூறுக்கா?

நோயுற்றதைக் கண்டுபிடிப்பது இவ்வளவு கடினம் என்றால், எல்லாக் கன்றுக்கும் வந்த அன்றே ஊசி போட்டுவிட்டால் என்ன? பல பட்டிகள் அதைத்தான் செய்கின்றன. 2011 கணக்கெடுப்பில் பட்டிக்கு வந்த கன்றுகளில் ஐந்தில் ஒன்றுக்கு இப்படிக் கூட்டமாக ஊசி போடப்பட்டது. நெடுந்தூரம் வந்தவை, எடை குறைந்தவை, பல இடங்களிலிருந்து கலந்தவை என அதிக ஆபத்துள்ள கூட்டங்களுக்கே பெரும்பாலும் இது நடக்கிறது. நோயும் சாவும் இதனால் குறைவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இதை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. மூச்சுக்குத் திணறி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து நிற்கும் ஒரு கன்றைப் பார்த்தவர் யாரும், 'மருந்தைச் சேமித்து வைப்போம்' என்று எளிதில் சொல்லிவிட மாட்டார். காப்பாற்றக்கூடிய உயிரைக் கைவிடுவதும் கொடுமைதான்.

ஆனால் நூறு கன்றுக்கு மருந்து போடும்போது நூறு மூக்கில் வாழும் கிருமிகளும் அந்த மருந்தைச் சந்திக்கின்றன. வலுவில்லாதவை சாகின்றன, தாக்குப்பிடிப்பவை மிஞ்சுகின்றன. 2005இல் நெப்ராஸ்கா பட்டி ஒன்றில் நோயுற்ற மாட்டிலிருந்து எடுத்த பாஸ்டுரெல்லா கிருமியைப் பின்னர் ஆராய்ந்தபோது, 12 எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே துண்டாகச் சேர்ந்திருந்தது தெரியவந்தது. அந்தத் துண்டு மொத்தமாக ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. ஆய்வகத்தில் அது ஈ.கோலை என்ற, மனிதக் குடலிலும் வாழும் பாக்டீரியாவுக்கும் தாவிக் காட்டியது. ஒரு கிருமி கற்ற பாடத்தை இன்னொரு இனக் கிருமிக்கு அப்படியே கைமாற்றித் தர முடியும் என்பதே இதன் பொருள்.

சட்டம் இறுகிய கதை

நோய்க்காக இல்லாமல், எடை கூடுவதற்காகவே தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்கும் பழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் அதை முற்றாக நிறுத்தியது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை எடை கூட்டப் பயன்படுத்துவது அமெரிக்காவில் 2017 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. அந்த ஒரே ஆண்டில் அங்கே கால்நடைகளுக்கான இத்தகைய மருந்துகளின் விற்பனை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. 2023 ஜூன் முதல், கடையில் கேட்டு வாங்கக்கூடியதாக எஞ்சியிருந்த மருந்துகளுக்கும் கால்நடை மருத்துவரின் சீட்டு கட்டாயமானது.

ஐரோப்பா மேலும் ஒரு படி போனது. 2022 ஜனவரி 28 முதல் நடப்பில் உள்ள அதன் சட்டம், நோய் பரவும் ஆபத்து அதிகமாகவும் வேறு வழி இல்லாமலும் இருந்தால் மட்டுமே கூட்டத்துக்கே மருந்து போட இடம் தருகிறது. ஆஸ்திரேலியத் தீவனப் பட்டிகளிலும் இதே சுவாச நோய்தான் முதல் எதிரி. ஆனால் அங்கே என்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளை உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்த அனுமதி தரப்படவே இல்லை. மலேசியாவும் சிங்கப்பூரும் இறைச்சி வாங்கும் நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று என்பதால், அந்த முடிவு நமக்கும் சம்பந்தமுள்ளது.

மருந்துக்கு முன்னால் ஒரு வேலை

இந்த நோயின் பெரும்பகுதி பட்டியில் தொடங்குவதே இல்லை. அதற்கு முந்தைய வாரங்களில் தொடங்குகிறது. எனவே தீர்வும் அங்கேதான் இருக்கிறது. விற்பதற்கு 45 நாள் முன்பே கன்றைப் பால் மறக்கடித்து, தடுப்பூசி போட்டு, தொட்டியில் தின்னவும் குடிக்கவும் பழக்கி அனுப்பினால், அது பட்டியில் நோயுறுவது நன்றாகவே குறைகிறது. ஒரே பண்ணைக் கன்றுகளைக் கலக்காமல் நேராகப் பட்டிக்கு அனுப்புவதும் உதவுகிறது. தோட்டப்புறத்தில் நாலு மாடு வைத்திருந்த நம் பாட்டிமார் கேட்டால், 'இதற்கு ஆராய்ச்சி வேண்டுமா?' என்பார்கள்.

பிறகு ஏன் எல்லாரும் இதைச் செய்வதில்லை? கணக்குதான் காரணம். 45 நாள் தீவனச் செலவும் வேலையும் கன்றை வளர்ப்பவர் தலையில் விழுகிறது. நோய் குறைந்ததன் பலன் வாங்குபவருக்குப் போகிறது. முப்பது, நாற்பது மாடு வைத்திருக்கும் சிறு பண்ணையாளருக்குக் கூடுதல் விலை உறுதியாகக் கிடைக்காவிட்டால், கன்றை நேரே தாயிடமிருந்து லாரியில் ஏற்றுவதே எளிது. அவர் மிச்சப்படுத்தும் செலவை ஈடுகட்டும் மலிவான பொருளாகவே ஆன்டிபயாட்டிக் இத்தனை காலம் இருந்துவந்தது.

நமக்கு இதில் என்ன?

மாட்டிறைச்சியே சேராத வீடுகள் நம்மில் நிறைய உண்டு. அவர்களுக்கும் இது அந்நியக் கதை அல்ல. எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி தட்டின் வழியாக மட்டும் பயணம் செய்வதில்லை. எருவிலும் நீரிலும் மனிதர் கையிலும் விமானத்திலும் அது வரும். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் மனித மருத்துவமனைகளின் பங்கு பெரியது. கால்நடையின் பங்கும் இருக்கிறது.

சிங்கப்பூர் 2017இல் மனிதர், விலங்கு, உணவு, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் சேர்த்துத் தேசியச் செயல்திட்டம் வகுத்தது. மலேசியாவும் அதே ஆண்டு தன் திட்டத்தைத் தொடங்கியது. கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் பாதுகாக்கும் கோலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பதற்கு 2019இல் தடையும் விதித்தது.

பட்டிக்காரரின் தடுமாற்றம் நம் வீட்டிலும் ஒரு சிறு அளவில் நடக்கிறது. பிள்ளைக்குச் சளி பிடித்ததும் 'ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுங்கள், டாக்டர்' என்று கேட்கிறோம். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு அந்த மருந்து உதவாது. போன முறை மிஞ்சிய மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. எதனால் வந்த நோய் என்று தெரியாமல், 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடும் மருந்து அது. அடுத்த முறை கிளினிக்கில், 'இதற்கு ஆன்டிபயாட்டிக் தேவையா?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். தேவை என்றால் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுங்கள், மிஞ்சினால் பெட்டியில் வைக்காதீர்கள்.