சாட்சி சொல்ல எழுந்தவர்கள்

“எவ்வளவு கொடுத்தாங்க?” ஒருவர் கிறிஸ்தவராகிவிட்டார் என்று தெரிந்ததும் டீக்கடை பெஞ்சில் முதலில் விழும் கேள்வி இது. கோதுமை, பால்பவுடர், கான்வென்ட் சீட், சுனாமிக்குப் பின் கிடைத்த நிவாரணம் என்று காலத்துக்குக் காலம் பதில் மட்டும் மாறும். மாறியவரிடமே நேரில் கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

கடலூர் பக்கத்துக்கு மதமாற்றம் ஒன்றும் புதிதல்ல. இங்குள்ள திருப்பாதிரிப்புலியூர், ஏழாம் நூற்றாண்டில் சமண மடத்துக்குப் பேர்போன பாடலிபுத்திரம். திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் அங்கே போய்ச் சமணரானார். தருமசேனர் என்று பெயரும் பெற்றார். பிறகு சூலை நோய் வந்தது. மடத்தார் செய்த எந்தச் சிகிச்சைக்கும் வலி அடங்கவில்லை. திருவதிகையில் சிவத்தொண்டு செய்துகொண்டிருந்த அக்கா திலகவதியாரிடம் வந்து விழுந்தார். அவர் திருநீறு கொடுத்தார், வலி தீர்ந்தது, நாவுக்கரசர் கிடைத்தார். பெரிய புராணம் சொல்லும் இந்தத் திருப்பத்தில் தத்துவ வாதம் எதுவும் இல்லை. பொறுக்க முடியாத வயிற்று வலி இருக்கிறது, தம்பிக்காகக் காத்திருந்த அக்கா இருக்கிறார். வைத்தியச் செலவுக்குப் பயந்து மாறினார் என்று நாவுக்கரசரை இன்றுவரை யாரும் பேசியதில்லை.

இன்றைய பெந்தெகொஸ்தே சபைகளில் ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. தகரக் கொட்டகையில் கூடும் சபையாக இருந்தாலும் மைக் இருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் எழுந்து “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று தொடங்குவார். புருஷனுக்குக் குடி, பிள்ளைக்கு ஓயாத காய்ச்சல், ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா ஜெபத்துக்குக் கூப்பிட்டார். சொல்பவர் மாறினாலும் போக்கு அநேகமாக இதுதான். மருந்தை நிறுத்தச் சொல்லும் ஊழியக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது உயிரோடு விளையாடுவது. ஆனால் வீட்டிலும் வயலிலும் யாரும் காதுகொடுக்காத ஒருத்தி, தன் கதையைத் தானே மைக்கில் சொல்கிறாள், ஐம்பது பேர் கேட்கிறார்கள். பாவம், மீட்பு எல்லாம் அவளுக்குப் பிற்பாடு வரும் பாடங்கள்.

படித்தவர்கள் சொன்ன காரணம் வேறு மாதிரி. 1827இல் நெல்லைப் பக்கம் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, கம்பராமாயணம் கேட்டு வளர்ந்தவர். சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலைக்குப் போனபோது அவருக்குக் கிறிஸ்தவத்தின் மேல் மதிப்பு இல்லை. பிறகு, பாவத்துக்குக் கடவுளே வந்து விலை கொடுத்தார் என்ற ஒரே எண்ணம் அவரைப் பிடித்து ஆட்டியது. 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை ஆனார். தாம் கிறிஸ்தவரான வரலாற்றைத் தனியாகவே எழுதிவைத்தார். மதம் மாறினாலும் கம்பரை அவர் விடவில்லை. கம்பன் நடையிலேயே ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடியதால் கிறிஸ்தவக் கம்பர் என்ற பெயர் நின்றது.

வெங்கல் சக்கரை செட்டியார் இன்னொரு ரகம். வழக்கறிஞர், தொழிற்சங்கக்காரர், பின்னாளில் சென்னை மேயர். 1903இல் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இயேசுவை அவதாரம் என்று வைத்து 1926இல் புத்தகம் எழுதினார். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கேட்டவர்களோடும் சண்டை போட்டார். சலுகைக்காக மாறினார் என்ற பேச்சு இவரிடம் எடுபடாது.

பண்டிதர்கள் சொல்லும் காரணத்துக்கு மரியாதை கிடைத்துவிடுகிறது. சிக்கல் ஏழைகள் மாறும்போதுதான். 1936இல் ஜான் மாட் என்ற அமெரிக்க மிஷன் தலைவரிடம் காந்தி, பசுமாட்டுக்குப் போய் சுவிசேஷம் சொல்வீர்களா என்று கேட்டார். ஹரிஜனங்களில் சிலருக்கு அதைவிடக் கூடுதலான புரிதல் கிடையாது என்பது அவர் வாதம். நெல்லைச் சீமையிலிருந்து போய் இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லில் பேராயராக இருந்த வே.ச. அசரியா இதை ஏற்கவில்லை. கூலிக்காரனுக்கும் மனச்சாட்சி உண்டு, அவன் தேர்வு அவனுடையது என்பது அவர் நிலை. இந்த ஒரு விஷயத்தில் காந்தியைவிட அசரியா பக்கமே நியாயம் அதிகம்.

சாதியை விட்டு ஓடத்தான் மாறினார்கள் என்பதும் பாதி உண்மைதான். நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் 1860களின் தொடக்கத்தில் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் பெத்தானி என்று ஒரு மிஷன் நிலையம் போட்டார். சபைக்குள் சாதி பார்ப்பதை லைப்சிக் மிஷன் சகித்துக்கொண்டதால் அதிலிருந்து பிரிந்து வந்தவர் அவர். டேனிஷ் மிஷன் அவரைச் சேர்த்துக்கொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது. அவர் தொடங்கிய சண்டை ஒன்றரை நூற்றாண்டாகியும் ஓயவில்லை. 2008 மார்ச்சில் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் எறையூரில், சவ ஊர்வலம் போகும் பாதை உட்பட எதிலும் சமமில்லை என்று தலித் கத்தோலிக்கர் எழுந்தார்கள். எதிரே நின்றவர்களும் கத்தோலிக்கரே. கலவரத்தில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் அந்தத் தலித் மக்கள் மாதாவை விட்டுவிடவில்லை. தங்களுக்குத் தனிப் பங்குத்தளம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். சாதி மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அன்றே வெளியேறியிருக்கலாம்.

சாதி இழைத்த அதே அவமானத்துக்கு வேறு பதில் சொன்னவரும் இங்கேயே உண்டு. சுவாமி சகஜானந்தர் மிஷன் பள்ளியில் படித்தவர், கிறிஸ்தவராக மறுத்தார். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கித் தலித் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். போனவரும் நின்றவரும் யோசித்துத்தான் முடிவெடுத்தார்கள்.

பிறப்பால் கிறிஸ்தவரானவர்களுக்கும் ‘ஏன் கிறிஸ்தவர்’ என்ற கேள்வி ஒரு வயதில் வரும். குழந்தையாக இருந்தபோது பெற்றோர் கொடுத்த ஞானஸ்நானத்தைச் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் திடப்படுத்தலின்போது பிள்ளையே தன் வாயால் ஏற்க வேண்டும். பல பேருக்கு அது புதுச் சட்டையும் பிரியாணியும்தான். சிலர் அன்றுதான் நிஜமாக யோசிக்கிறார்கள்.

டீக்கடைக் கேள்விக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில் நேர்மாறானது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியில் வர முடியாது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் இல்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான தலித், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கை நழுவுகிறது. சிதம்பரம் மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. அங்கே அவர் ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது. அதனால்தான் சர்ச்சுக்குப் போகும் எத்தனையோ பேருடைய சான்றிதழில் ‘இந்து’ என்றே இருக்கிறது.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஞானஸ்நானம் பெற்றுச் சர்ச்சுக்குப் போய்க்கொண்டே, வேலைக்காக இந்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்று நீதிபதிகள் தள்ளுபடி செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், கிறிஸ்தவரான தலித்துகளுக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. இதையே ஆராயும்படி, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஓர் ஆணையத்தை 2022இலேயே அமைத்துவிட்டது.