சொட்டும் இடமும் ஒழுகும் இடமும்

மழைக் காலத்தில் ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். தண்ணீர் சொட்டுவது கூடத்தின் நடுவில். உடைந்த ஓடு இருப்பதோ பத்தடி தள்ளி, தாழ்வாரத்து ஓரத்தில். தண்ணீர் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக நடந்து வந்து, தனக்குப் பிடித்த இடத்தில் கீழே குதிக்கிறது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஏறி ஓட்டை மாற்றுகிறவர் அன்றிரவும் அண்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

மோட்டார் யந்திரத்தில் எண்ணெய் ஒழுகுவதும் இதே கதைதான். அதிலும் டர்போ பொருத்திய பந்தய ரக வண்டியாக இருந்துவிட்டால், கதை சற்று நீளமாகிவிடும். தவறாகப் படித்தால் செலவும் நீளும்.

உதாரணத்துக்குப் புகழ் பெற்ற வண்டி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்துப் போர்ஷே கம்பெனியார் 1974-ம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் 911 டர்போ என்ற வண்டியைக் காட்டினார்கள். பழகியவர்கள் அதை 930 என்று எண்ணால் அழைப்பது வழக்கம். முதலில் அதன் யந்திரம் மூன்று லிட்டர், 260 குதிரைச் சக்தி. 1978-ம் வருஷத்து மாடலிலிருந்து 3.3 லிட்டர், 300 குதிரைச் சக்தி. 1989 வரையில் இவ்வண்டிகள் உற்பத்தியாயின. இன்றும் பலர் அவற்றைப் பூஜைப் பொருள் போல் பாதுகாத்து வருகிறார்கள். (அவ்வண்டியின் விலைக்கும் பள்ளிக்கூட ஆசிரியரின் சம்பளத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க அடிக்கோல் போதாது. யந்திரத்தைப் பற்றிப் படிப்பதற்கு யாரும் வரி போடவில்லை என்பதுதான் ஆறுதல்.)

இந்த யந்திரம் வண்டியின் பின்புறத்தில், பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுத்த நிலையில் அமைந்தது. அதைக் குளிர்விப்பவை காற்றும் எண்ணெயுமே; தண்ணீருக்கு அங்கே வேலையில்லை. எண்ணெயும் யந்திரத்தின் அடியில் தேங்கி நிற்பதில்லை. தனியே ஒரு தொட்டியில் இருந்து, பத்து லிட்டருக்கு மேல் ஓயாமல் சுற்றி வருகிறது. சுற்றும் பாதை நீளமென்றால் மூட்டுகளும் அதிகம். மூட்டு அதிகமென்றால் கசிவுக்கு வாசல்களும் அதிகந்தானே?

டர்போ என்பது ஒரே தண்டின் இரு நுனிகளிலும் பொருத்திய இரண்டு விசிறிகள். வெளியேறும் சூடான புகை ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. மற்றது வெளிக் காற்றை அமுக்கி யந்திரத்துக்குள் தள்ளுகிறது. நிமிஷத்துக்குப் பல பதினாயிரம் சுற்றுச் சுற்றும் அந்தத் தண்டு, எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டே சுழல்கிறது. எண்ணெயை அங்கே தடுத்து நிறுத்துவது ரப்பர் அடைப்பு அல்ல. பிஸ்டன் வளையம் போன்ற மெல்லிய உலோக வளையந்தான். வந்த எண்ணெய் தடையின்றித் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும் வரையில்தான் அந்த வளையம் காவல் காக்கும். திரும்பும் வழி அடைபட்டால் எண்ணெய் வளையத்தைத் தாண்டி, ஒரு பக்கம் காற்றுக் குழாயிலும் மறு பக்கம் புகைக் குழாயிலும் புகுந்துவிடும். பின்னால் நீலப் புகை எழும். உடனே, "டர்போ போய்விட்டது" என்று தீர்ப்பாகிவிடுகிறது! குற்றவாளி வேறு எங்கோ இருக்க, பெருந்தொகை கொடுத்துப் புது டர்போ வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் புகைகிறது.

ஆகையால் டர்போவைக் கழற்றுவதற்கு முன் மூன்று பேரை விசாரிக்க வேண்டும். முதலாவது, எண்ணெயின் அளவு. இவ்வண்டியில் அளவுகோலைப் பார்க்க வேண்டியது, யந்திரம் நன்றாகச் சூடேறி, வண்டி சமதரையில் நின்று, மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது. ஆறிப் போன வண்டியில் எண்ணெய் தொட்டியிலிருந்து இறங்கி யந்திரத்துக்குள் போயிருக்கும். கோல் வறண்டு காட்டும். விவரம் அறியாதவர் மேலும் இரண்டு லிட்டரை ஊற்றிவிடுகிறார். மிகுந்த எண்ணெய் தொட்டியின் மூச்சுக் குழாய் வழியே காற்றுப் பாதைக்குள் சென்று எரிகிறது. அதற்கு மருந்து, மிகுதியை வடித்துவிடுவதுதான்.

இரண்டாவது, டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயிலுள்ள ஒருவழி வால்வு. தொட்டியின் எண்ணெய் மட்டத்தை விட டர்போ தாழ்வாக இருப்பதால், வால்வு பழுதானால் வண்டி நிற்கும் இரவெல்லாம் எண்ணெய் சொட்டுச் சொட்டாய் டர்போவில் இறங்கிவிடும். காலையில் முடுக்கியதும் தெருவே மறைய நீண்ட நேரம் புகை கிளம்பினால் இதைச் சந்தேகிக்கலாம். பல நாள் நின்ற வண்டி எழும்போது ஒரு கணம் புகைத்து நின்றுவிடுவது படுத்த சிலிண்டர்களின் சுபாவம்; அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மூன்றாவது, உறிஞ்சும் பம்பு. டர்போ அவ்வளவு தாழ்வில் இருப்பதால் எண்ணெய் தானாகத் திரும்பி ஓட வழியில்லை. காம்ஷாப்டினால் இயங்கும் சிறு பம்பு ஒன்று அதை இழுத்துத் தொட்டிக்கு அனுப்புகிறது. அது தேய்ந்தாலும், குழாய் கரி பிடித்தாலும் குற்றம் டர்போவின் தலையில்தான் விழும். மூவரும் நிரபராதிகள் என்று தெரிந்து, தண்டும் கைக்கு ஆட்டம் காட்டினால், அப்போது டர்போவைத் தண்டிப்பது நியாயம்.

வெளியே ஒழுகும் கசிவுக்கு வழி வேறு. ஆறிய யந்திரத்தை முதலில் நன்றாகக் கழுவித் துடைத்து உலர விட வேண்டும். பிறகு சந்தேகமுள்ள இடங்களில் டால்கம் பவுடரைத் தூவுங்கள். சிறிது தூரம் ஓட்டித் திரும்பி வந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தால், எண்ணெய் நடந்து வந்த தடம் வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பதும் உண்டு. தடத்தைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்து போவதே முறை. யந்திரத்தின் உச்சியில் தெர்மோஸ்டாட்டின் ரப்பர் வளையமும் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் இருக்கின்றன. அங்கே கசிவது விசிறிக் காற்றில் கீழிறங்கி எங்கேயோ போய்ச் சொட்டும்.

வால்வு மூடியின் காஸ்கெட் பெரும்பாலும் முதல் குற்றவாளி. அதை மாற்றுவது எளிது. மரைகளை ஒரே சீராக, அளவோடு முடுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் மூடி கோணிக் கசிவு முன்னைவிட அதிகமாகும். அடுத்தவை, எண்ணெய் திரும்பும் நான்கு குழாய்கள். அவற்றின் நுனியிலுள்ள வளையங்கள் உஷ்ணத்தில் இறுகிப்போகும். பழைய குழாயைப் பிரித்தெடுப்பது பெரிய வேலை. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டுக் குழாய் கிடைக்கிறது. சிலிண்டர் தலையை அவிழ்க்காமலே பொருத்தலாம். யந்திரமும் கியர்ப் பெட்டியும் சேரும் இடத்தில் ஈரம் கண்டால் விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர் எண்ணெய். நெடியில்லையென்றால் கிராங்க் தண்டின் சீலைச் சந்தேகிக்க வேண்டும்; அதற்கு யந்திரத்தையே இறக்கியாக வேண்டும்.

"இந்த ரக வண்டி ஒழுகத்தான் செய்யும்; ஒழுகாவிட்டால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம்" என்பது சொந்தக்காரர்களின் பழைய ஹாஸ்யம். வியர்வை போலத் துளிர்த்துக் காய்வதற்கு அது பொருந்தலாம். டர்போவின் புகைப் பக்கத்துக் கூடோ வேகமாக ஓட்டினால் தணல் போல் சிவக்கிறது. அதன்மேல் ஒரு எண்ணெய்க் குழாய் துளிக்கத் தொடங்கினால் ஹாஸ்யத்துக்கு அங்கே இடமில்லை, வண்டியே தீக்கிரையாகும். எச்சரிக்கையும் முன்கூட்டியே வரும்: இவ்வண்டியில் உட்புறத்துக்கு வெப்பம் தருவது புகைக் குழாயைச் சுற்றி வரும் காற்று. ஆகையால் குளிர் நாளில் ஹீட்டரைத் திறந்ததும் கருகிய எண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால், அன்றைக்கே வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்திவிட்டு, அடியில் பார்த்துவிட வேண்டும்.

பழுது பார்த்த இரவு, வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, நான்கு சக்கரங்களின் இடத்தையும் பென்ஸிலால் குறித்து வையுங்கள். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறது, எவ்வளவு அகலம் என்று பார்த்துத் தேதி எழுதிவிட்டு, அடுத்த இரவும் அதே அட்டையை அதே இடத்தில் விரிக்கலாம்.